வெடித்த டாஷ்போர்டு: மூடுவதா, பட்டி பார்ப்பதா, கழற்றி மாற்றுவதா?

பழைய காரின் டாஷ்போர்டில், முன் கண்ணாடியை ஒட்டி ஒரு மெல்லிய கீறல் விழும். இரண்டு கோடை போனால் அது விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து, உள்ளே இருக்கும் ஃபோம் பழுப்புப் பொடியாக உதிரத் தொடங்கும். அப்போது கண்முன் ஐந்து வழிகள் இருக்கும்: மேலே ஒரு மூடியை ஒட்டிவிடலாம், பட்டி வைத்துப் பெயின்ட் அடிக்கலாம், கழற்றி அனுப்பிப் புதுத் தோல் போடலாம், புதிதாக வார்த்த பேடு (மெத்தை வைத்த மேல்பகுதி) வாங்கலாம், உடைத்துப் பிரித்த இன்னொரு காரின் டாஷ்போர்டை எடுத்து மாட்டலாம்.

இந்த ஐந்தையும் பொருளின் விலையை வைத்து வரிசைப்படுத்துவதுதான் பலரும் செய்வது. அந்தக் கணக்கு கடைசியில் உதைக்கும். இந்த வேலையில் பெரிய செலவு, டாஷ்போர்டை வெளியே எடுத்துத் திரும்ப மாட்டுவதற்கு ஆகும் உழைப்பும், அந்த வழியில் உடைகிற சில்லறைச் சாமான்களும்தான். முதல் இரண்டு வழிகளுக்குக் கழற்ற வேண்டியதில்லை. மற்ற மூன்றுக்கும் கழற்றாமல் முடியாது. எனவே எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது இது: வேறு ஏதாவது வேலைக்காக டாஷ்போர்டு எப்படியும் வெளியே வரப்போகிறதா? ஹீட்டர் கோர் (இன்ஜின் சுடுநீரால் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) ஒழுகுகிறதா, ஏசி எவாப்பரேட்டர் (காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போய்விட்டதா, வயரிங் கருகிய வாசனை வருகிறதா, முன் கண்ணாடி ரப்பர் மாற்ற வேண்டுமா? ஒன்றுக்காவது "ஆம்" என்றால் மூடியும் பட்டியும் பெரும்பாலும் அங்கேயே அடிபட்டுப் போகும். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால், ஒரு கீறலுக்காக மட்டும் டாஷ்போர்டைக் கழற்றுவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

சேதம் எந்த அடுக்கில் இருக்கிறது. 1960களின் பிற்பகுதி முதல் 80கள் வரை வந்த மெத்தை வைத்த டாஷ்போர்டுகளில் பெரும்பாலும் மூன்று அடுக்கு இருக்கும். அடியில் இரும்புத் தகடு அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம். நடுவில் பாலியூரித்தேன் ஃபோம். மேலே பிவிசி தோல். பிவிசியை வளைய வைப்பது அதில் கலந்த பிளாஸ்டிசைசர். வெயிலில் அது மெல்ல மெல்லக் கசிந்து ஆவியாகும். (முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போலப் படிவதில் ஒரு பங்கு இதுதான்.) பிளாஸ்டிசைசர் போகப் போகத் தோல் சுருங்குகிறது, சட்டம் சுருங்குவதில்லை. இழுவை எங்கே குவிகிறதோ அங்கே பிளக்கிறது: ஸ்பீக்கர் ஜாலியின் மூலை, கண்ணாடிக்குக் காற்று வரும் துவாரங்களின் முனை, மீட்டருக்கு மேல் உள்ள குடையின் வளைவு. டாட்சன் 240இசட், வோல்வோ 240, மெர்சிடிஸ் டபிள்யூ123, பிஎம்டபிள்யூ இ30 ஆகியவை இந்த வெடிப்புக்குப் பேர்போனவை.

சோதிப்பது எளிது. வெடிப்புக்கு ஒரு விரல் தள்ளிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுந்தி மெதுவாக எழும்பினால் ஃபோமுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. நறநறவென்று நொறுங்கி அப்படியே குழிந்து நின்றால் ஃபோம் செத்துவிட்டது. அதன் மேல் எதை ஒட்டினாலும், பூசினாலும் தாங்காது. பிறகு டாஷ்போர்டின் கீழ் விளிம்பைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். மொத்தமாக அசைந்தால் சட்டத்தின் பிராக்கெட் உடைந்திருக்கலாம், அல்லது போல்ட் தளர்ந்திருக்கலாம். மேல்பூச்சு வேலை எதுவும் அதற்கு மருந்தாகாது.

வெயில் தாங்குமா. வெயிலில் நிறுத்திய காரில் டாஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். சாதாரணக் கான்டாக்ட் பசை பலவும் அந்தச் சூட்டில் இளகிவிடும். நிழலில் நிற்கும் காருக்கு நன்றாக உழைக்கிற வேலை, தெருவில் நிற்கும் காருக்கு ஒரே கோடையில் கழன்றுவிடலாம்.

திரும்ப எடுக்க முடியுமா. அசல் நிலைக்கு மதிப்புள்ள கார் என்றால், இன்று செய்வதை நாளை பழுதில்லாமல் பிரிக்க முடிய வேண்டும்.

கண்ணாடியில் என்ன தெரியும். பளபளப்பான அல்லது வெளிர்நிற மேற்பரப்பு முன் கண்ணாடியில் பிரதிபலித்துப் பார்வையை மறைக்கும். கண்ணாடிப் பனியை விரட்டும் காற்றுத் துவாரம் சற்றே அடைபட்டாலும் மழைநாளில் சிரமப்படுவீர்கள். அழகைப் பற்றிய வாக்குவாதங்களுக்கு முன்னால் பார்க்க வேண்டியது இது.

கார் எத்தனை நாள் நிற்கும். ஸ்டீயரிங் கழற்றிய கார் நிறுத்திய இடத்திலிருந்து நகராது. அந்த இடம் உங்களுக்கு உண்டா?

## கழற்றுவது என்றால் என்னென்ன

கழற்றும் முடிவை எடுப்பதற்கு முன் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். காருக்குக் கார் வரிசை மாறும், ஆனால் சிக்கல்கள் அனேகமாக இவைதான்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயர். 1980களில் வந்த கார் என்றால் ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேட்டரியைக் கழற்றிய பிறகும், ஒர்க்ஷாப் மேனுவல் சொல்லும் நேரம் வரை அதன் கனெக்டரைத் தொடக்கூடாது. அடுத்து ஸ்டீயரிங் வீல். நடு நட்டைத் தளர்த்தி, சில மரை மிச்சம் இருக்கும்போதே நிறுத்தி, புல்லர் (வீலை இழுத்தெடுக்கும் கருவி) போட்டு இழுக்க வேண்டும். நட்டை முழுதாகக் கழற்றிவிட்டு இழுத்தால், வீல் சட்டென்று விடுபட்டு முகத்தில் அடிக்கும். வீலுக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாட்டும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்காது. தண்டின் மேல் சுத்தியலால் அடிக்கவே கூடாது. பல கார்களில் அது விபத்தில் மடங்குவதற்காக வடிவமைத்த தண்டு. அடித்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பின்கள் முறிந்துவிடும்.

அடுத்தது மீட்டர். ஸ்பீடோமீட்டர் கேபிள் குட்டையாக இருப்பதால், மீட்டரை முன்னுக்கு இழுத்தால் அரை சாண்கூட வராது. பின்னால் கைவிட்டுத் தடவிக்கொண்டிருப்பதைவிட, கியர்பாக்ஸ் பக்கத்தில் கேபிளைக் கழற்றி உள்ளே தள்ளினால் வேண்டிய தளர்வு கிடைக்கும். மீட்டருக்குப் பின்னால் இருக்கும் பிரின்டட் சர்க்யூட் பல கார்களில் மெல்லிய ஃபிலிம்தான். பல்ப் ஹோல்டரைத் திருகும்போது அதன் செப்புப் பாதை உரிந்து வந்துவிடும். கனெக்டரின் உடலைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

1950, 60களின் கார்களில் இன்னொரு பொறி உண்டு. இன்ஜின் வெப்ப மீட்டர் மின்சாரத்தில் இயங்காமல் கேப்பிலரி குழாயில் இயங்கலாம். மீட்டர், மெல்லிய செப்புக் குழாய், இன்ஜினில் திருகியிருக்கும் குமிழ் மூன்றும் ஒரே உறுப்பு. உள்ளே திரவம் அடைத்து மூடியிருக்கும். குழாயை வெட்டினாலோ கூர்மையாக மடித்தாலோ மீட்டர் அன்றோடு முடிந்தது. கூலன்டைக் கொஞ்சம் வடித்து, குமிழை இன்ஜினிலிருந்து கழற்றி, குழாயை ஃபயர்வால் (இன்ஜினுக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பு) துளை வழியாகச் சுருட்டியபடி உள்ளே இழுத்துக்கொள்வதே வழி. அந்தத் துளையின் ரப்பர் வளையம் கல்லாக இறுகியிருக்கும். புதியது ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் அழுத்த மீட்டருக்கும் குழாய் இருந்தால், கார்ப்பெட்டின் மேல் துணி விரிக்காமல் அதைத் தளர்த்தாதீர்கள்.

ஹீட்டர் கன்ட்ரோல் கேபிள்களில் வெளி உறை கிளிப்புக்குள் எங்கே நிற்கிறது என்று பெயின்ட் புள்ளி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். இடம் 5 மி.மீ. மாறினாலும் உள்ளே காற்றைத் திருப்பிவிடும் மடிப்பு (ஃப்ளாப்) முழுதாக மூடாது. வெயில் காலத்திலும் காலில் சூடான காற்று அடித்துக்கொண்டிருக்கும்.

டாஷ்போர்டைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகள் ஒளிந்திருக்கும் இடங்கள்: சாம்பல் கிண்ணத்துக்குப் பின்னால், ரேடியோ துளைக்குள், க்ளவ் பாக்ஸின் கூரையில், ஸ்பீக்கர் ஜாலிக்கு அடியில், காற்றுத் துவாரங்களுக்குள், இரண்டு பக்கத் தூண்களின் ட்ரிமுக்குப் பின்னால். மிகவும் படுத்தி எடுப்பவை முன் கண்ணாடியின் அடிவாரத்தில் இருப்பவை. கண்ணாடி சரிந்த கோணத்தில் இருந்தால் அங்கே சாதாரண ராட்செட் நுழையாது. சிலவற்றில் பேடின் விளிம்பே கண்ணாடி ரப்பருக்கு அடியில் செருகியிருக்கும். அப்படிப்பட்ட காரில் "டாஷ்போர்டு மாற்றம்" என்பது கண்ணாடியையும் ரப்பரையும் கழற்றும் வேலையாகிவிடும். பழைய கண்ணாடி முழுதாக வெளியே வரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஸ்க்ரூக்களின் நீளத்தையும் கவனியுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நீளமானதை முடுக்கினால் அது வயரிங்கையோ ஹீட்டர் பெட்டியையோ குத்தும். ஒவ்வொரு இடத்தின் ஸ்க்ரூவையும் தனிப் பையில் போட்டு எழுதி வையுங்கள். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் குளிரில் கண்ணாடி போல உடையும். காரைச் சற்று வெயிலில் வைத்தோ ஹேர் டிரையரால் சூடாக்கியோ நெம்பினால் பாதியாவது தப்பும்.

கை பழகியவருக்கே கழற்ற ஒரு முழுநாள் பிடிக்கும் கார்கள் உண்டு. மாட்டுவதற்கு அதைவிடக் கூடுதலாகவே ஆகும்.

## ஒரே பார்வையில்

| | மேல் மூடி | பட்டி, பெயின்ட் | புதுத் தோல் | புதுப் பேடு | பழைய டாஷ்போர்டு |
|---|---|---|---|---|---|
| கழற்ற வேண்டுமா | இல்லை | இல்லை, ஆனால் கழற்றினால் நல்லது | ஆம் | ஆம் | ஆம் |
| கார் நிற்பது | ஒன்றிரண்டு நாள் | சில நாள் | வாரங்கள், சில சமயம் மாதங்கள் | பேடு கையில் இருந்தால் சில நாள் | சில நாள் |
| வெயிலில் | ஓரம் எழும்பலாம் | பக்கத்தில் புது வெடிப்பு வரும் | நன்றாகச் செய்தால் நீடிக்கும் | தயாரிப்பைப் பொறுத்தது | அதே வயது, அதே நோய் |
| அசல் தோற்றம் | குறைவு | கைத்திறனைப் பொறுத்தது | வார்த்த தோல் என்றால் மிக நெருக்கம் | நெருக்கம் | முழுமை |
| மறைந்த செலவு | பிறகு கழற்றும்போது உடையும் | மீண்டும் செய்ய வேண்டி வரும் | போக்குவரத்து, காத்திருப்பு | பொருந்தாத துளைகள் | சேஸிஸ் நம்பர், ஓடோமீட்டர் |

## மேல் மூடி

2 முதல் 3 மி.மீ. தடிப்புள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அந்தந்தக் காரின் வடிவத்துக்கு வார்த்திருப்பார்கள். பழைய பேடின் மேல் சிலிக்கோன் சீலன்ட் வைத்து ஒட்டுவதுதான் வேலை. ஒட்டுவதற்கு முன் வெடிப்பின் எழும்பிய உதடுகளைக் கத்தியால் மட்டத்துக்குக் கீழே சீவ வேண்டும். இதை விட்டுவிட்டால் மூடி அங்கே மேடு தட்டி நிற்கும். பிறகு பசையில்லாமல் வைத்துப் பார்த்து, காற்றுத் துவாரங்கள் நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசியாக மேற்பரப்பில் பல ஆண்டுகளாகத் தேய்த்த பாலிஷைத் துடைத்தெடுத்து, சீலன்ட் வைத்து, ஒரு நாள் முழுவதும் டேப் போட்டு அழுத்தி வைக்க வேண்டும்.

பொருந்தாமல் போவதற்கு முக்கியமான காரணம், மூடியை அசல் அளவுக்கு வார்த்திருப்பதுதான். உங்கள் பேடோ சுருங்கிக் கோணியிருக்கிறது. ஓரத்தில் இடைவெளி தெரிந்தால் அழுத்திப் பிடித்து ஒட்டும் ஆசை வரும். அப்படி முறுக்கி ஒட்டிய மூலை முதல் வெயிலிலேயே எழும்பும். இடைவெளி இருக்கும் இடத்தில் அடியில் ஃபோம் பட்டை கொடுத்து, மூடியை அதன் இயல்பான வளைவில் உட்கார விடுங்கள்.

இதில் பலரும் கடைசியில்தான் கண்டுபிடிக்கும் செலவு ஒன்று உண்டு. டாஷ்போர்டின் ஸ்க்ரூக்கள் சில ஸ்பீக்கர் ஜாலிக்கு அடியிலோ துவாரங்களுக்குள்ளோ இருக்கும் என்று மேலே சொன்னோம். மூடி அவற்றின் மேல் அமர்ந்துவிட்டால், நாளை ஹீட்டர் கோர் ஒழுகும்போது மூடியை உடைக்காமல் டாஷ்போர்டு வெளியே வராது. உடைக்கும்போது பழைய தோலும் ஃபோமும் கூடவே பிய்ந்து வரும். ஒட்டுவதற்கு முன் மேனுவலைப் பிரித்து ஸ்க்ரூ இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஓட்டும் கார், ஃபோமும் சட்டமும் நன்றாக இருக்கின்றன, பின்னால் வேலை எதுவும் பாக்கியில்லை என்றால் இது நியாயமான தேர்வு. விற்கப்போகும் காருக்கு மூடி ஒட்டுவது வீண். விவரம் தெரிந்தவர் ஒருமுறை தட்டிப் பார்த்தாலே அடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். இன்னும் முடிவெடுக்கவில்லை என்றால் ஒட்டாத துணி விரிப்பைப் போட்டு வையுங்கள். வெயிலைத் தடுக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம்.

## பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது

வெடிப்பு மூன்று நான்குக்கு மேல் இல்லை, ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குள், ஃபோமுக்கு உயிர் இருக்கிறது. இந்த நிலையில்தான் இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வெடிப்பின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள். இழுவை அந்த வட்டத்தில் பரவி, வெடிப்பு மேலும் ஓடுவது தடுக்கப்படும். பிளவை 'வி' வடிவத்தில் அகலமாக்கி, எழும்பிய தோலை முழுதாகச் சீவி, பொடிந்த ஃபோமைச் சுரண்டி எடுங்கள். நிரப்புவதற்கு வளையக்கூடிய இரு பாகப் பாலியூரித்தேன் அல்லது எப்பாக்சி ஃபில்லர் வேண்டும். பிளாஸ்டிக் பம்பர் ஒட்டுவதற்கு வருவது பொருந்தும். பாடி வேலைக்குப் பயன்படுத்தும் பாலியெஸ்டர் பட்டியை இதில் வைக்காதீர்கள். சுற்றியுள்ள ஃபோம் வெயிலில் விரிந்து சுருங்கும்போது அது அசையாமல் நிற்கும். விளிம்பில் முடி போன்ற புது வெடிப்பு விழும்.

நிரப்பி 120 உப்புத்தாளில் தொடங்கி 320 வரை தேய்த்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. தோல் வரி போன்ற அந்த மேற்பரப்பை மீண்டும் கொண்டுவருவதில்தான் கைத்திறன் தெரியும். டெக்ஸ்சர் ஸ்ப்ரே எல்லா இடத்திலும் ஒரே மணல் வரியைத் தரும். அசல் தோல் வரிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பக்கவாட்டு வெளிச்சத்தில் காட்டிக் கொடுத்துவிடும். சேதமில்லாத ஒரு மூலையில் சிலிக்கோன் ஊற்றி அச்சு எடுத்து, கடைசிப் படல ஃபில்லர் உலர்வதற்கு முன் அந்த அச்சை அழுத்தினால் பழைய வரி ஓரளவு தொடரும். பிறகு மேல்பகுதி முழுவதற்கும் வினைல் பெயின்ட்டை மெல்லிய மூன்று நான்கு பூச்சாக அடிக்க வேண்டும். திட்டுத் திட்டாக அடித்தால் நிறம் ஒத்துப் போகாது. பெயின்ட் மீன்கண் போலக் குழி குழியாக விலகினால், காரணம் அனேகமாக முன்பு தேய்த்த சிலிக்கோன் பாலிஷ்தான். கிரீஸ் ரிமூவரால் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதுத் துணியால் துடைத்த பிறகே தேய்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். தேய்த்த பிறகு துடைத்தால் சிலிக்கோன் ஏற்கெனவே கீறலுக்குள் இறங்கியிருக்கும்.

காருக்குள்ளேயே வைத்துச் செய்வதில் ஒரு வம்பு இருக்கிறது. வெடிப்பு பெரும்பாலும் கண்ணாடியோரத்தில்தான் விழுகிறது. கை நுழையாத, தேய்க்கும் கட்டை திரும்பாத இடமும் அதுதான். அங்கே ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால் கழற்ற வேண்டும். கழற்றும் உழைப்பை ஏற்றுக்கொண்ட பிறகு, பட்டியோடு நிற்பதில் அர்த்தம் குறைவு.

தோல் மீதி இடங்களில் சுருங்கிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். நிழலில் நிற்கும், அவ்வப்போது மட்டும் ஓட்டும் காருக்கு இது ஏற்றது. வெயிலில் நிற்கும் காருக்கு இது தவணை வாங்குவது மட்டுமே.

## கழற்றிப் புதுத் தோல் போடுவது

இதற்குள் இரண்டு வேறுபட்ட வேலைகள் இருக்கின்றன. விசாரிக்கும்போதே பிரித்துக் கேளுங்கள். ஒன்று, பழைய தோலையும் ஃபோமையும் சுரண்டி எடுத்து, சட்டத்தின் மேல் புது ஃபோம் அமைத்து, சூடாக்கிய வினைல் தாளை வெற்றிடத்தால் உறிஞ்சி ஒட்டவைப்பது. மற்றொன்று, ரெக்சினையோ தோலையோ வெட்டித் தைத்துக் கையால் இழுத்து ஒட்டுவது.

வெற்றிடத்தில் வார்த்ததில் தையல் இருக்காது. அசலுக்கு மிக நெருங்கி வரும். ஃபோமைப் புதிதாக அமைக்கிறார்களா, பழைய ஃபோமின் மேலேயே தோலை ஒட்டுகிறார்களா என்று கேளுங்கள். செத்த ஃபோமின் மேல் போட்ட புதுத் தோல் முதலில் அழகாக இருந்துவிட்டு, பிறகு பழைய பள்ளங்களை அப்படியே காட்டும். தடிப்பு எவ்வளவு கூடும் என்பதும் முக்கியம். ஒவ்வொரு முகத்திலும் 1 மி.மீ. ஏறினாலே க்ளவ் பாக்ஸ் மூடி உரசும், மீட்டர் துளைக்குள் போகாது. முடிந்தால் ஒரு காற்று ஜாலியையும் மீட்டர் வளையத்தையும் பேடோடு அனுப்பி, பொருத்திப் பார்த்துவிட்டே திருப்பித் தரச் சொல்லுங்கள்.

கையால் ஒட்டியதில் பலவீனம் உள்வளைவுகளில் இருக்கிறது. மீட்டர் குடைக்கு அடியில் குழிந்த இடத்தில் இழுத்து ஒட்டிய தோல், வெயிலில் பசை இளகியதும் நேர்கோடாக எழும்பிக் கூடாரம் போல நிற்கும். அதிக வெப்பம் தாங்கும் பசையையும் இரண்டு பக்கமும் நீளும் ரெக்சினையும் கொண்டு, குழிவில் தையல் கொடுத்துச் செய்தால் தாங்கும். உண்மையான விலங்குத் தோல் போடும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தத் தோலும் வெயிலில் சுருங்கும். இருக்கைக்குச் சரி, கண்ணாடிக்கு அடியில் அதற்கு வேலை கடினம்.

அனுப்பும்போது சட்டம் வளைந்துவிடாமல் நீளம் முழுவதும் தாங்கல் கொடுத்து மரப்பெட்டியில் வைக்க வேண்டும். நுனியில் மட்டும் முட்டுக் கொடுத்த பேடு நடுவில் மடங்கி வரும். கிளிப்புகள், உலோகச் செருகிகள் எங்கே இருந்தன என்று அளவோடு படம் எடுத்து வையுங்கள்.

மறைந்த செலவு காத்திருப்பு. வாரக்கணக்கில் கார் நிற்கும், வயர்கள் தொங்கும், ஞாபகம் மங்கும். ஆனாலும் புதுப் பேடு யாரும் தயாரிக்காத காருக்கும், அசல் சட்டத்தை விடக்கூடாத காருக்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

## புதிதாக வார்த்த பேடு

நிறைய விற்ற, நிறையப் பேர் புதுப்பிக்கும் மாடல்களுக்கு மட்டும் கிடைக்கும். வாங்கும்போது ஐந்து விஷயம் ஒத்துப்போக வேண்டும்: தயாரித்த ஆண்டு, ஸ்டீயரிங் எந்தப் பக்கம், ஏசி உண்டா இல்லையா, ஸ்பீக்கர் துளை, நிறம். ஒரே மாடலில் நடு ஆண்டில் மீட்டர் வடிவம் மாறிய கதைகள் ஏராளம். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரையே எடுத்துக்கொண்டால், 1967 வரை கறுப்பு வண்ணம் பூசிய உலோகப் பலகை. 1968இலிருந்து அமெரிக்காவுக்குப் போனவற்றில் மட்டும் தடித்த மெத்தை வைத்த வேறொரு டாஷ்போர்டு. பெயர் ஒன்று, பொருள் வேறு.

விளம்பரத்தில் "பேடு" என்று இருப்பது சில சமயம் மேல் மூடியாகவே இருக்கும். சட்டமும், அதில் பற்றவைத்த ஸ்டட்களும் (நட்டு முடுக்கும் மரைத் தண்டுகள்) உண்டா என்று படத்தின் பின்பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வந்ததும் எதையும் வெட்டாமல், துளையிடாமல் பழையதன் மேல் வைத்து அளந்து பாருங்கள். ஸ்டட் 2, 3 மி.மீ. விலகியிருந்தால் காரின் பிராக்கெட் துளையை நீளவாக்கில் அராவிக்கொள்ளலாம். அதற்கு மேல் விலகினால் திருப்பி அனுப்புங்கள். வளைத்து மாட்டிய பேடு எப்போதும் அந்த இழுவையில்தான் இருக்கும், அங்கேதான் முதலில் வெடிக்கும். வேலை முழுதாக முடிந்து கார் ஓடும் வரை பழைய பேடைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலிருந்து எடுக்க வேண்டிய ஒரு கிளிப்பாவது கடைசியில் அகப்படும்.

எப்படியும் கழற்றுகிறோம், நல்ல தயாரிப்பு கிடைக்கிறது என்றால் தயங்காமல் இதையே எடுக்கலாம். புதுத் தோலுக்கு அனுப்பும் காத்திருப்பு இதில் இல்லை.

## இன்னொரு காரின் டாஷ்போர்டு

பிராக்கெட் உடைந்த, தீப்பிடித்த, சட்டம் துருவேறிய காருக்கு இது நல்ல வழி. கெட்டிப் பிளாஸ்டிக் அல்லது உலோக டாஷ்போர்டு என்றால் இன்னும் நல்லது. மெத்தை வைத்தது என்றால் அதன் தோலுக்கும் உங்களுடையதன் வயதுதான். நிழலில் கிடந்திருந்தால் ஒழிய, வெடிக்காத டாஷ்போர்டு என்பது இன்னும் வெடிக்காத டாஷ்போர்டு.

மேலே துணி விரிப்போ மூடியோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். துவாரங்களின் மூலைகளை டார்ச் வைத்துத் தேடுங்கள். பிராக்கெட், ஜாலி, டக்ட், ஸ்க்ரூ எல்லாம் கூடவே வருகின்றனவா என்று எண்ணி வாங்குங்கள். தனித்தனியாகத் தேடினால் அவை டாஷ்போர்டையே மிஞ்சும்.

இரண்டு எச்சரிக்கை. சில கார்களில் சேஸிஸ் நம்பர் தகடு டாஷ்போர்டில், கண்ணாடி வழியாகத் தெரியும்படி ரிவெட் அடித்திருக்கும். 1969 முதல் அமெரிக்காவில் விற்ற கார்களில் இது கட்டாயம். வேறு காரின் தகடோடு டாஷ்போர்டை மாட்டினால் உங்கள் கார் காகிதங்களோடு ஒத்துப்போகாது. தகட்டைப் பெயர்த்து இடம் மாற்றுவது பல நாடுகளில் குற்றம். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டாவது, மீட்டரையும் சேர்த்து மாற்றினால் ஓடிய தூரம் மாறும். உங்கள் சொந்த மீட்டரையே அதில் பொருத்துவது உத்தமம். முடியாவிட்டால் இரண்டு அளவையும் தேதியோடு எழுதி, படம் எடுத்துக் காரின் கோப்பில் வையுங்கள்.

உலோகப் பலகைக்கும் மரப் பலகைக்கும் இந்த ஐந்து வழிகளும் பொருந்தாது. உலோகம் என்றால் பெயின்ட் வேலை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். மரம் என்றால் அடிப்பலகை ஊறிப் பிரியாதவரை வெனீரும் வார்னிஷும் மட்டும் மாற்றினால் போதும்.

## வெளியே வந்திருக்கும்போதே

டாஷ்போர்டு வெளியே இருக்கும்போது ஹீட்டர் கோரையும் அதன் ஹோஸ்களையும், ஒழுகாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். வோல்வோ 240இல் ஹீட்டர் மோட்டார் ஆழத்தில் புதைந்திருக்கும். டபிள்யூ123இல் வேக்குவம் பாட்கள் (வெற்றிடத்தால் காற்று மடிப்புகளை அசைப்பவை). இரண்டுக்கும் இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. மீட்டர் பல்புகள், ஸ்பீடோமீட்டர் கேபிள், வைப்பர் இணைப்புத் தண்டு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் முடுக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். உலோகத்தில் உலோகம் தொடும் இடத்தில் ஃபெல்ட் டேப் ஒட்டினால் கிரீச்சுச் சத்தம் வராது. ஆனால் எர்த் புள்ளிகளை மட்டும் மூடிவிடாதீர்கள். 60, 70களின் பல பிரிட்டிஷ் கார்களில் பெட்ரோல், வெப்ப மீட்டர்களுக்கு 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும். அதற்கு எர்த் அதன் உடல் வழியாகத்தான். புதுப் பெயின்ட்டின் மேல் அதை மாட்டிவிட்டால் பேட்டரியின் முழு வோல்ட்டும் போய், இரண்டு முள்ளும் சேர்ந்து அளவுக்கு மேல் ஏறும். இன்ஜின் கொதிக்கிறதென்று ரேடியேட்டரைக் கழற்றப் போகாதீர்கள். ஸ்டெபிலைசரின் அடியில் உள்ள பெயின்ட்டைச் சுரண்டுங்கள்.

மேல் பேடையும் கண்ணாடியோர ட்ரிமையும் மாட்டுவதற்கு முன் பேட்டரியை இணைத்து, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள்: விளக்குகள், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஹீட்டர் மோட்டார், மீட்டர் விளக்கு. ஹீட்டர் லீவரை முழுக்க நகர்த்தி மடிப்பு இரு முனையிலும் முட்டுகிறதா என்று கைவைத்துப் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடித் துவாரத்தின் முழு நீளத்திலும் காற்று வருகிறதா என்று ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துப் பார்த்த பிறகு கடைசி ஸ்க்ரூக்களை முடுக்குங்கள்.